பொம்மையும் இரண்டு மாமாக்களும்

செம்பூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் பதினொரு வருடமாக வார்டு பாய் வேலை பார்க்கிறேன். நோயாளியைத் தூக்கி மாற்றுவது, மேஜையை ஏற்றி இறக்குவது, ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவருவது, எல்லாம் செய்வேன். மும்பை மருத்துவமனைகளில் என்னைப் போன்ற அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான்: மாமா. நான் ஐந்தாம் வகுப்போடு தாராவிக்கு வந்தவன். பேசக் கூச்சம். கூப்பிட்டால் ஓடுவேன், அவ்வளவுதான்.

போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். மேஜையில் நோயாளிக்குப் பதில் ஒரு ரப்பர் பொம்மை. அதற்கு நெஞ்சு ஏறி இறங்கும், நாடி துடிக்கும். ஆபத்து நேரத்தில் எல்லோரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறோம் என்று வெளியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் பார்த்துக் குறிப்பெழுதுவார். யாரை அழைத்தாலும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், அழைக்கப்பட்டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் பாடம். டாக்டர்கள், சிஸ்டர்கள் எல்லோர் நெஞ்சிலும் பெயர் எழுதி ஒட்டினார். என்னையும், ரத்னகிரிக்காரரான இன்னொரு மாமாவையும் இரண்டு தூண்களைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனார்.

நடுவில், குழாயில் ஆக்சிஜன் நின்றுவிட்டது என்று பயிற்சியாளர் அறிவித்தார். மானிட்டர் அலறியது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா தலையைத் திருப்பாமலே, "மாமா, சிலிண்டர்!" என்று கத்தினார். ரத்னகிரிக்காரர் கதவருகே நின்றதால் அவர் போவார் என்று நான் நினைத்தேன். சிலிண்டருக்கு எப்போதும் நான் போவதால் நான் போவேன் என்று அவர் நினைத்தார். டாக்டரம்மா மறுபடி கத்தியதும் இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்து கதவில் இடித்துக்கொண்டோம். எல்லோரும் சிரித்தார்கள். சிலிண்டர் வந்தபோது பொம்மை செத்துப்போயிருந்தது.

பயிற்சியாளர் எழுதிய தாளை, திருநெல்வேலிக்கார சிஸ்டர் ஒருத்தி எனக்குப் படித்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒங்க ரெண்டு பேரு தலையிலதான் போட்டிருக்காரு. வார்டு பாய்ங்களுக்குக் கவனம் இல்ல, அதான் தாமதம்னு."

நாங்கள் இருவரும் காண்ட்ராக்ட் ஆட்கள். அடுத்த வாரம் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாள் ஆபீசுக்குப் போனால் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது.

"பாத்துக்கிட்டே நிக்கியளே! வாயில என்ன பிளாஸ்திரியா ஒட்டியிருக்கு? போய்க் கேளுங்க."

"நான் என்னத்தக் கேக்க? அஞ்சாப்பு படிச்சவன்."

"பேரு சொல்லிக் கூப்பிடலன்னு சொல்லதுக்கு எம்.ஏ. படிக்கணுமாக்கும்?"

தாளை எடுத்துக்கொண்டு, பயிற்சியாளரும் டாக்டர்களும் உட்கார்ந்திருந்த அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியில் அவரிடம், "சார், எங்க ரெண்டு பேரையும் மாமான்னுதான் கூப்பிடுறாங்க. எந்த மாமா போறது?" என்று கேட்டேன்.

"அரே மாமா, டென்ஷன் மத் லோ, கவலையே வேண்டாம். செத்தது பொம்மைதானே!" என்று சிரித்தார்.

"பொம்மைய நாளைக்கு எழுப்பி உக்கார வெச்சிருவீங்க சார். எங்களுக்குப் போன வேலை வருமா?"

அந்த அறையில் நான் அத்தனை சத்தமாகப் பேசியதே இல்லை. டாக்டரம்மா எழுந்து வந்து தாளை வாங்கினார். "தப்பு என்னோடது" என்று சொல்லி அந்த வரியை அடித்தார். பேனாவைப் பிடித்தபடி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தணியவில்லை, ஏறியது. பதினொரு வருடம் அந்த அம்மா பக்கத்தில் நின்று எத்தனை உயிருள்ள உடம்பைத் தூக்கிக் கிடத்தியிருக்கிறேன்! அப்போதெல்லாம் தேவைப்படாத பெயர், ஒரு ரப்பர் பொம்மை செத்ததும் தேவைப்படுகிறது. வெடுக்கென்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"இன்னொருத்தர் பேர்?"

எனக்குத் தெரியாது. நான்கு வருடமாக இருவரும் ஒரே பெஞ்சில் டப்பா பிரித்துச் சாப்பிடுகிறோம். அவர் மகளுக்குக் கல்யாணமானது தெரியும், அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு கீழே போயிருந்தவரை, மூன்று மாடி இறங்கிப் போய்ப் பிடித்தேன். பெயரைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"க்யா மாமா, போலீஸ் ஆயா க்யா?" போலீஸ் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

பிறகு சொன்னார். மறந்துவிடக் கூடாதென்று அதை முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினேன்.