ஐஸ் உருகாத நாணயம்

நம்பாவிட்டால் போங்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பேய் என்றாலே வாய்விட்டுச் சிரித்தவள். இது நடந்தது பட்டப்பகலில், மூன்று மணிக்கு.

அண்ணன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவன். என்னைப் படிக்க வைத்தது அவனுடைய வலது கை. அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு, என்றோ அழிந்துபோன ஒரு பேரரசின் கடைசிக்கால வெள்ளி நாணயங்கள். ஆண்டுக்கு ஒன்றாகத் தட்டில் குழி வைத்திருந்தான். பேரரசு விழுந்த ஆண்டின் குழி மட்டும் காலி. அன்று அதற்கான நாணயம் பார்சலில் வந்தது.

“ராஜாவே போய்ச் சேர்ந்துட்டான், அவன் காசுக்கு நீ காவலா?”

“வாயாடி, போய் ஐஸ் எடுத்துட்டு வா.”

நல்ல வெள்ளியில் ஐஸ் வைத்தால் மளமளவென்று உருகும். அதுதான் சோதனை. வைத்தான்.

ஒரு நிமிடம்... மூன்று நிமிடம்...

மேசையில் சிந்திய துண்டு தண்ணீராகிவிட்டது. நாணயத்தின் மேல் இருந்தது அப்படியே இருந்தது.

“போலிண்ணா. திருப்பி அனுப்பு.”

“எடை சரியா இருக்கே...” ஐஸைத் தள்ளிவிட்டு நாணயத்தை வலது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

விரல்கள் மூடின.

“விளையாடாதே.”

“நான் மூடல பாப்பா.”

முஷ்டி நீலமாகிக்கொண்டே வந்தது. வெந்நீர் ஊற்றினேன். எண்ணெய் விட்டேன். அசையவில்லை.

“கை செத்துப்போச்சு... ஏதாவது பண்ணு...” அப்பா இறந்தபோதுகூட அழாதவன் அழுதான்.

சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தேன்.

என் கைக்குப் பக்கத்தில்... இன்னொரு கை.

கண்ணுக்குத் தெரியவில்லை. சில்லென்று இருந்தது. என்னோடு சேர்ந்து இழுத்தது.

டக்.

டக்.

டக்.

அண்ணன் அலறினான். கை திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

எக்ஸ்ரேயில் மூன்று விரல் முறிவு. நான் இழுத்த சுண்டுவிரலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இனி கம்பி சுற்ற முடியுமா என்று கேட்டேன். டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் வைத்தார்.

மறுநாள் நாணயம் விற்றவனுக்குப் போன் போட்டுக் கிழித்தேன். “எங்கேருந்துய்யா எடுத்தே அதை?”



“பனிமலையில உறைஞ்சு கிடந்த ஒரு சிப்பாய்மா. அந்தக் காலத்து ஆளு. கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சிருந்தான். விடவே இல்ல. வேற வழி தெரியாம...”

“விரலை உடைச்சீங்களா? எத்தனை?”

“மூணு.”

அவனே தொடர்ந்தான்.

“இடது கையிலயும் ஒண்ணு வச்சிருந்தான். தட்டுல குழி இன்னும் காலியா இருக்குன்னு உங்க அண்ணன் இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரியிலேருந்து கேட்டாரு. அனுப்பிட்டேன்மா.”