ஏழாம் படி வரைக்கும்

தெருவில் அவளை மூட்டைக்காரி என்பார்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவள் இல்லை. சட்டைக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். காலர், கை, பட்டன் துளை என்று தொங்குகிற நூலையெல்லாம் நாள் முழுக்க நின்றபடியே வெட்டுவாள். வீட்டுக்கு வந்தால் வெள்ளத்துக்கு மூட்டை கட்டுவாள். அதனால் வந்த பேர்.

சும்மா ஒன்றும் கட்டவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து, அவள் குடியிருக்கிற கீழ் வீட்டில் இடுப்பளவு நின்றது. அப்போது அவள் புருஷன் லாரி ஓட்டுகிற ஆள். பெண்டாட்டியை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்து மாடிக்கு இழுத்துப்போனார். அடுத்த வருஷமே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மகளும் கல்யாணமாகி எட்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். "டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டியாம்மா?" என்று போனில் கேட்பாள். அவளால் கேட்கத்தான் முடியும்.

மாடியில் புருஷனுடைய அண்ணன் குடும்பம். அண்ணனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, காதும் மந்தம். ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததே அவருக்குப் பாதிதான் தெரியும். வெள்ளம் வடிந்ததும் இவள் நனைந்த மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டாள். "கீழ் வீட்டு நாத்தம் மேல வரைக்கும் ஏறுது" என்றாள் மூத்தவள். "மேல் வீட்டு வாயை விடவா?" என்றாள் இவள். அவ்வளவுதான், பேச்சு அறுந்தது. பக்கவாதம் வந்தபோது மூத்தவள் ஆஸ்பத்திரிக்கு வந்து கொழுந்தனைப் பார்த்தாளே ஒழிய, இவள் பக்கம் திரும்பவில்லை.

மழைக்கு இரண்டு மாசம் இருக்கும்போதே இவளுக்குத் தூக்கம் போய்விடும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தாள். சிலிண்டர் மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியோடு கட்டினாள். வீட்டுப் பத்திரத்தை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் போட்டாள். சுவிட்சுப் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு ஏற்ற எலக்ட்ரீஷியனை மூன்று வாரம் விரட்டினாள். எல்லாம் ஆயிற்று. தூக்க முடியாத மூட்டை ஒன்றுதான் பாக்கி, புருஷன்.

அதற்கும் வழி கண்டுபிடித்தாள். படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நல்ல கையையும் நல்ல காலையும் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு எம்பி ஏறணும். மொத்தம் பதினேழு படி. ஞாயிறுதோறும் பழக்கினாள். ஏழு படி ஏறுவார், நின்றுவிடுவார். கையில் பலம் இல்லை என்று நினைத்துத் தினம் முட்டை கொடுத்தாள், எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள். அப்போதும் ஏழுதான்.

முதல் தூறல் போட்ட ஞாயிற்றுக்கிழமையும் அதே ஏழாம் படியில் நின்றார்.

"போதும்டி, இறக்கு."

"தின்ன முட்டையெல்லாம் எங்க போச்சு?"

"முட்டையில இல்ல விஷயம்." குரலைத் தாழ்த்தினார். "எட்டுல ஏறினா மேல ஜன்னலுக்கு நேரா வரும். அண்ணி பார்ப்பாங்க. அரிசி மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு இதே படியில ஏறினவன் நான். இப்ப குண்டியைத் தேச்சுக்கிட்டு அவங்க முன்னால..."

இரண்டு மாச உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி வந்தா என்ன செய்வீங்க?"

"அப்ப பார்த்துக்கலாம்."

"பார்க்க யாரு இருப்பா? நான் கம்பெனியில இருக்கும்போது வந்துச்சுன்னா?"

மேல் வீட்டுக் கதவு திறந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆனா ஏழு படி ஏறறதும் இறங்கறதும்! எட்டாம் படியில பேயா உட்கார்ந்திருக்கு?" என்றாள் மூத்தவள்.

"அண்ணி, நீங்க உள்ள போங்க."

"எதுக்குப் போகணும்?" கொழுந்தனை விட்டுவிட்டு, நாலு வருஷத்துக்குப் பிறகு இவளைப் பார்த்துக் கேட்டாள். "எதுக்குடி?"

"நீங்க பார்த்தா ஏற வெக்கமா இருக்காம்க்கா."

மூத்தவள் முகவாயில் கை வைத்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப தம்பிக்கு ஆறு வயசு. பல்லு விழுந்துடுச்சுன்னு அழுது, என் கல்யாணப் புடவையில மூக்கைச் சிந்தினவருக்கு இப்பதான் வெக்கம் வந்துச்சாக்கும்!" மேல்படியிலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "பார்க்கல. ஏறுங்க தம்பி."

ஏறினார். பன்னிரண்டாம் படியில் ஏறுகிற சத்தம் நின்றது.

"என்னடி ஆச்சு?" திரும்பாமலே கேட்டாள்.

"மூச்சு வாங்குறாரு."

"வாங்கட்டும். தண்ணி இன்னும் வரல."

உச்சிக்கு வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் வாசலுக்கு வந்து தம்பியைப் பார்த்து அலறினார்: "என்னடா, வெள்ளம் வந்துடுச்சா?" தம்பிக்கு அரை வாயில் சிரிப்பு வந்தது.

"மழை முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பகல்ல நீ இல்லாதப்ப நாங்க இருக்கோம்ல" என்றாள் மூத்தவள். மெத்தைப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

"சரிக்கா" என்றாள். அவருடைய மாத்திரை, மாற்றுத் துணி, ஒன்றுக்குப் போகிற டப்பா எல்லாம் கீழே கிடந்தன. இனி விடிந்தால் துடைத்துவிட ஏறணும், கம்பெனி விட்டு வந்தால் சோற்றோடு ஏறணும், நடுவில் எத்தனையோ. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். வாரமெல்லாம் நின்ற காலோடு, பதினேழு படியையும் எண்ணிக்கொண்டே இறங்கினாள்.