உப்புக்கு எழும்பாத கோடு

இரண்டு வருடங்களுக்கு முன், நாங்கள் பட்டாபிராமுக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கும் என் கணவர், ஒரு மழை நாளில் வண்டியோடு சறுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எதைச் சமைத்தாலும் தட்டைத் தள்ள ஆரம்பித்தார். "இன்னா செஞ்சாலும் சப்புனு கீதுமே, ருசியே தெர்ல" என்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். தன் அம்மாவின் கைமணத்தோடு ஒப்பிட்டுத்தான் குத்திக் காட்டுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு நாள் ஆத்திரத்தில் மீன் குழம்பில் வேண்டுமென்றே ஒரு கைப்பிடி உப்பைக் கூடுதலாகப் போட்டேன். மனிதர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு நல்லா கீது" என்றார். நக்கல் பண்ணுகிறார் என்று நான்கு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள், ஊசிப்போன சாம்பாரை அவரே ஊற்றிச் சாப்பிட்டு, வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தபோதுதான், இவர் நாக்கிலேயே ஏதோ கோளாறோ என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

நரம்பு டாக்டர் எங்களை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார். தலை முழுக்க ஒயர் ஒட்டி, நாக்கில் உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் என்று விட்டு, மூளையில் எழும் மின் அலையைக் கம்ப்யூட்டரில் கோடாகப் பார்க்கும் சோதனை. வாய் கொப்பளிக்க வைத்து, திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் செய்தார்கள். கடைசியில் இரண்டு பேருடையதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். உப்புக்கு என் கோடு நன்றாக எழும்பி இறங்கியிருந்தது. அவருடையது அப்படியே படுத்துக் கிடந்தது.

திரும்பும்போது ரயிலில் அழுதுகொண்டே குழம்பு விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்மே. நல்லா கீதுன்னு உன் மனசுக்கோசரம் சொன்னேன். ஆனா அன்னிக்கு நீ அந்தக் கொயம்ப தொடவே இல்ல. அப்பவே புரிஞ்சிகினேன்."

"அப்போ ஏன் கேக்கல?"

"ருசி தெரியலன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? நீ நம்பலியே."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ருசி இன்றுவரை திரும்பவில்லை. பசிக்கு மருந்து மாதிரி விழுங்கிவிட்டு எழுந்து போகிறார். பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்த மனிதரின் வார்த்தையை நம்புவதற்கு எனக்கு ஒரு இயந்திரம் தேவைப்பட்டதே என்பது ஒவ்வொரு வேளை பரிமாறும்போதும் நெஞ்சை அறுக்கிறது.