கழுகு வகுப்புக்குப் போன புதன்கிழமை

தையல் கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். தைத்து முடித்த சட்டை அவள் மேஜைக்கு வந்தால் முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை, கடைசியில் ஓரமடிப்பு. ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே பட்டன் ஒரு நூல் தள்ளி இருக்கிறதோ, அங்கே சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஐந்து அம்பு வரை என்றால் சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். ஐந்தைத் தாண்டினால் கழிவுக் கூடை. பதினொரு வருஷத்தில் அவள் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே?

சிக்கல் என்னவென்றால், அந்த ஸ்டிக்கர் சுருள் அவள் கைப்பையில் ஏறி வீட்டுக்கும் வரும். வீட்டுக்காரர் சட்டையில் பட்டன் தொங்கினால் ஒரு அம்பு. சரியாக மூடாத டப்பாவுக்கு ஒரு அம்பு. மகளின் வீட்டுப்பாடத்தில் கோட்டைத் தாண்டிய எழுத்துக்கும் ஒன்று.

"என் மேல ஒட்டிடாத தாயே, கூடையில போட்டுருவாங்க" என்று வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். வீடே சிரிக்கும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. இரண்டு மாதமாக அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொண்டு வருவதில்லை.

"இன்னிக்கு என்ன வரைஞ்ச?"

"ஒண்ணும் வரையல."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கதை தொடங்கிவிடும். இப்போது என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லை. யாராவது பிள்ளையை அடிக்கிறார்களா? டீச்சர் ஒதுக்கி வைத்திருக்கிறாரா? என்ன நடந்தது என்று தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெற்றோர் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பில் உதவி செய்ய வரலாம் என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்ததோ இல்லையோ, சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் புதன்கிழமையை மட்டும் மதிய ஷிஃப்டாக மாற்றி வாங்கிக்கொண்டாள். உதவி என்பது பேருக்கு. போனது வேவு பார்க்க.

முதல் புதன் பென்சில் சீவினாள். இரண்டாவது புதன் மேஜையில் காய்ந்துபோன பசையைச் சுரண்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் டீச்சர் மேல் ஒரு குறை சொல்ல முடியவில்லை. சின்ன வயசுக்காரி, தொண்டை கட்டிப்போன குரல், பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கக்கூட முகம் சுளிக்காதவள். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. வராந்தாவில் நடந்து வரும்போது மகளின் குரல் கணீரென்று கேட்கும். அம்மா வாசலில் கால் வைத்ததும் அந்தக் குரல் நின்றுவிடும்.

மூன்றாவது புதன், பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். டீச்சர் ஒரு கட்டுப் படங்களை நீட்டினார்.

"எங்க வீட்ல ஒருத்தர்னு வரையச் சொன்னேங்க. சுவத்துல மாட்டணும். கொஞ்சம் அடுக்கி வைக்கிறீங்களா? ஹெச்எம் கூப்பிடறாங்க, வந்துடறேன்."

கழுகு எண்ணினாள். இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்தோரு படம். மறுபடி எண்ணினாள். தன் பிள்ளையின் படம்தான் இல்லை. சுருக்கென்றது. அப்படியென்றால் உண்மையாகவே அவள் ஒன்றும் வரைவதில்லையா? மற்ற பிள்ளைகள் அப்படி என்னதான் வரைந்திருக்கிறார்கள் என்று முதல் படத்தை எடுத்து முன்னால் வைத்தாள்.

மேஜை, வெளிச்சம், முன்னால் ஒரு கட்டு. கை சும்மா இருக்குமா? இந்த அப்பாவுக்குக் கழுத்தே இல்லை. இந்தத் தம்பிக்குக் காது ஒன்றுதான். இந்த வீட்டுக்குக் கதவு வானத்தில். தலை என்னவோ மகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்குப் பையிலிருந்த சுருளை எடுத்து வேலையைப் பார்த்தது. இருபத்தோரு படமும் முடிந்தபோது மணி அடித்தது.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் வகுப்பே குதித்தது.

"எனக்கு நாலு!"

"எனக்கு ஒம்பது! நான்தான் ஃபர்ஸ்ட்!" என்று முன்பல் இல்லாத ஒரு குட்டி தன் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது. ஒன்றுகூடக் கிடைக்காதவள் ஒருத்தி, "ஆன்ட்டி, எனக்கு ஏன் ஒட்டல?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் கழுகு தன் கையைப் பார்த்தாள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று சுருளைப் பைக்குள் திணித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து மகள் எழுந்தாள். சத்தம் போடவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"அது பரிசு இல்ல. எங்கெங்க தப்போ அங்கெல்லாம் ஒட்றது. நெறைய இருந்தா தூக்கிப் போட்டுருவாங்க."

தூக்கிப் பிடித்த படம் மெல்ல இறங்கியது. அந்தக் குட்டி ஒன்பது அம்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து அழுதது பாருங்கள், பக்கத்து வகுப்பு டீச்சரே எட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்த டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இருவரும் உட்கார்ந்து அம்புகளை உரித்தார்கள். உரித்த இடமெல்லாம் காகிதம் பிய்ந்து வந்தது. ஒரு அப்பாவுக்கு மூக்கே போய்விட்டது. "நாளைக்குப் புதுசா வரைஞ்சுக்கலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மதியம் வகுப்பு விட்டதும் டீச்சர் அலமாரியைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து தடிமனாக ஒரு கட்டு.

"எல்லாம் உங்க பொண்ணு வரைஞ்சது. வீட்டுக்குக் கொண்டு போமாட்டேங்கிறா. இங்கேயே வைங்க, அம்மா பாத்துருவாங்கன்னு சொன்னா. எனக்கு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இரண்டு மாதத்துக்கு முன் மகள் கடைசியாகக் கொண்டு வந்த படம் அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பூனை. அதற்கு ஆறு அம்பு ஒட்டி, "அடுத்த தடவை சரியா வரும் பாரு" என்று நல்ல மனதோடுதான் கொடுத்தாள். அந்தப் பூனை அப்புறம் எங்கே போனது என்று அவள் கேட்கவே இல்லை. யார் அடித்தார்கள், யார் ஒதுக்கினார்கள் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குத் தன்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பள்ளி வாசல் படியில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கட்டின் மேலே இருந்தது இந்த வாரப் படம். ஒரு பெண், மேஜை, மேஜைமேல் ஒரு சட்டை. அது தான்தான் என்று புரிவதற்கு முன்னால் அவள் கண் வலது கையில் ஆறு விரலை எண்ணிவிட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை என்பதையும் பார்த்துவிட்டது. பாழாய்ப்போன கண். மகள் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எத்தனைம்மா?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. நல்லா இருக்கு."

"பொய் சொல்லாத. நான் எண்ணிட்டேன். மூணு."

சின்ன விரல் படத்தில் முதலில் கையைத் தொட்டது, பிறகு காலைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"மூணாவது எங்க?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

"வாய். நீ சிரிக்கிற மாதிரி வரைஞ்சிட்டேன்."

கழுகு சிரித்துக் காட்டப் பார்த்தாள். மகள் நிமிர்ந்து, மேஜைக்கு வந்த சட்டையைப் பார்ப்பதுபோல, நெற்றியில் தொடங்கி அவசரமில்லாமல், மேலிருந்து கீழாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.