உட்காரத் தெரியாத டாக்டர்

கனடாவின் சஸ்கட்டூன் நகரில் புற்றுநோய் டாக்டரான லோர்ன் பெட்ரிக்குக் கெட்ட செய்தி சொல்லும்போது கால் தரிக்காது. கதவுப்பிடியைப் பிடித்தபடியே மருந்துப் பெயர்களைக் கொட்டிவிட்டு நழுவிவிடுவார்.

கோதுமை விவசாயி கிளிஃபோர்டிடமும் அப்படித்தான் ஆரம்பித்தார். கிளிஃபோர்டின் மனைவி வெர்னா குறுக்கிட்டாள்.

"கதவு எங்கயும் ஓடாது டாக்டர். நீங்கதான் ஓடப் பார்க்கிறீங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"விதைப்புக்கு இருப்பேனா?" என்று கேட்டார் கிளிஃபோர்ட்.

பெட்ரி அவரை நேராகப் பார்த்தார். "இருப்பீங்க. அறுவடைக்கு இருக்கமாட்டீங்க."



"அப்போ இந்தத் தடவை டிராக்டரை நான் ஓட்டறேன்" என்றாள் வெர்னா. "நீ பக்கத்துல உட்கார்ந்து திட்டு."

"கோணல்மாணலாத்தானே ஓட்டுவே" என்று சிரித்த கிளிஃபோர்ட், பிறகு அழுதார்.

அறுவடைக்கு முன்பே, ஜூலையில், அவரை அடக்கம் செய்தபோது பெட்ரியும் போயிருந்தார். அதுவரை எந்த நோயாளியின் அடக்கத்துக்கும் அவர் போனதில்லை.