மர்மக் காய்ச்சல் என்று நானே எழுதினேன்

புதிதாக வேலைக்கு வரும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் டாக்டரம்மா கேட்டார். முப்பத்திரண்டு வருஷ வேலை. நடுவழியில் ஆட்டோவில் பிரசவம் பார்த்த கதை இருக்கிறது, தடுப்பூசிக்குப் பயந்து தென்னை மரத்தில் ஏறிய பெரிய மனிதரைக் கீழே இறக்கிய கதை இருக்கிறது. அந்தக் கதைகளிலெல்லாம் நான் மிக நன்றாக நடந்துகொள்வேன். அதனால் அவை வேண்டாம். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் நடந்ததை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். காமயகவுண்டன்பட்டி தாண்டி டவுன் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஆள் அது அடுத்த ஊர் என்பார்கள்.

1. முள்

அன்று காலை என் ஸ்கூட்டியை நிறுத்தியது கருவேல முள். ஊருக்குள் போகும் தார்ச்சாலையில், ஆள் உயரத்துக்கு வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் தலைவரய்யா நின்றார். எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். பெயர்ப் பலகையில் அவர் பெயர்தான் இருக்கும். தலைவர் வேலையைப் பார்ப்பது அவர் கணவர். ஊரே அவரைத்தான் தலைவரய்யா என்னும். அசல் தலைவர் அந்த நேரத்தில் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார்.

“ஆரையும் உள்ள விடுறதில்லன்னு கூட்டத்துல பேசியாச்சு நர்ஸம்மா. நீங்க கவுர்மெண்டு ஆளு, நீங்க மட்டும் வாங்க” என்றார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

“வைரஸ் முள்ளுக்குப் பயப்படுமாங்கய்யா?”

“அது பயப்படாதும்மா. கொண்டாறவுக பயப்படுவாகல்ல?”

விஷயம் இதுதான். கேரளாவில் ஏதோ புது வைரஸ் என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் முழுதாக நுழையவில்லை. ஆனால் வௌவாலிலிருந்து வருகிறது, கேரளாவில் இருக்கிறது என்ற இரண்டும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரிலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி தாண்டி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய், பொழுது சாயத் திரும்பும் பெண்கள் உண்டு. அவர்களில் ஜெயக்கொடி என்பவளுக்குக் காய்ச்சல். அவ்வளவுதான், ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் போட்டோவே வந்துவிட்டது. போன வருஷம் ரேஷன் கடையில் எடுத்த போட்டோ.

கொரோனாவை நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். எங்களோடு வேலை பார்த்த லேப் டெக்னீஷியன் அண்ணனைக் கடைசியில் ஒரு பையின் ஜிப் வழியாகத்தான் பார்த்தோம். புதிதாக ஒன்று வராது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சொல்ல வருவது வேறு. தலைவரய்யா வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் டெங்கு கொசுப்புழு நெளிவதை மூன்று முறை நானே கொட்டிக் காட்டியிருக்கிறேன். “விடுங்கம்மா, அது நம்ம வீட்டுப் புழுதான” என்பார். வெளியூர் வைரஸ் என்றால் மட்டும் முள் வெட்ட அரிவாளோடு கிளம்பிவிடுவார்.

2. துப்பாக்கி

ஜெயக்கொடி வீடு கீழத்தெருக் கடைசி. வாசலில் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலை செருகியிருந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல்கூட சாத்தியிருந்தது. அவள் புருஷன் முருகேசன் திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிக்கும் கவாத்து வேலை பார்க்கிறவன். அவனையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருக்குழாயில் அவன் குடம் வைக்கக் கூடாது, எல்லோரும் பிடித்த பிறகு வரலாம் என்று ஏற்பாடு. எல்லோரும் பிடித்த பிறகு எங்கள் ஊர்க் குழாயில் காற்றுதான் வரும்.

நான் இரண்டு முகக்கவசம் போட்டிருந்தேன். கையில் வெப்பமானித் துப்பாக்கி, இன்னொரு கையில் ஃபாரம். கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றேன். ஜெயக்கொடி உள்ளே பாயில் படுத்திருந்தாள். துப்பாக்கியை அங்கிருந்தே நீட்டி அழுத்தினேன். முப்பத்திரண்டு டிகிரி காட்டியது. கம்பம் வெயிலில் வைத்த செம்புக்கே அதைவிடக் கூடுதல் காட்டும். என் நெற்றியில் வைத்து அழுத்தினேன், எனக்கு முப்பத்தொன்று. பாட்டரி மாற்றவில்லை. அந்தக் கணக்குப்படி எங்கள் இரண்டு பேரில் அவளே தேவலை.

“எத்தன நாளா காச்சல்?”

“ஒரு வாரமா அடிக்குது நர்ஸம்மா. மண்டை பொளந்துபோகுது. மெடிக்கல்ல வாங்குன மாத்திரைக்கு நிக்குது, திரும்ப வருது. பெறகு இங்கன...”

“இருமல் இருக்கா? அத மொதல்ல சொல்லு.”

“இருமல் இல்ல. இங்கன, நாடா கட்டுற எடத்துல...”

“வௌவால் கடிச்ச பழம் எதுவும் சாப்பிட்டியா?”

“வௌவாலுக்குக் குடுத்து மிச்சம் திங்கிற அளவுக்கு நம்ம வீட்ல எங்க நர்ஸம்மா பழம் கெடக்கு?”

ஃபாரத்தில் பன்னிரண்டு கேள்வி. கேரளா போனவரா, வௌவால், பன்றி, இருமல், மூச்சுத்திணறல் என்று வரிசையாக டிக் போடும் கட்டங்கள். எஸ்டேட்டில் என்ன வேலை என்று கேட்கக் கட்டம் இல்லை. நாடா கட்டும் இடத்துக்கும் கட்டம் இல்லை. அவள் இரண்டு தரம் ஆரம்பித்ததை நான் இரண்டு தரமும் வெட்டினேன். வெட்டினேன் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

நோய் என்ற கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டும். ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதினேன். பேப்பரில் அப்படித்தான் போடுகிறார்கள். அதையே ரிஜிஸ்டரிலும் ஏற்றி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டை விரல் வந்தது. “மாத்திரை குடு, பக்கத்துல போகாத, சாம்பிள் எடுக்க ஆள் வருவாக” என்று முருகேசனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. கயிற்றைத் தாண்டவில்லை அல்லவா.

அடுத்த இரண்டு நாளும் ஊர் மிகச் சுறுசுறுப்பாக இருந்தது. பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், தூவும்போது போட்டோ எடுத்தார்கள், போட்டோ சரியாக விழாததால் திரும்பத் தூவினார்கள். புளியமரத்தில் தொங்கிய வௌவால்களுக்கு வேட்டுப் போட்டார்கள். அவை கோபித்துக்கொண்டு தலைவரய்யாவின் திராட்சைத் தோட்டத்துக்குக் குடிபோயின. எஸ்டேட் ஜீப்பையும் நிறுத்திவிட்டார்கள். இத்தனை வேலைக்கு நடுவே ஜெயக்கொடியின் வீட்டுக்குள் மட்டும் ஒருவரும் போகவில்லை, சாம்பிள் எடுக்க வர வேண்டிய ஆள்கூட.

3. நாடா

மூன்றாம் நாள் காலை முருகேசன் போன் செய்தான்.

“நர்ஸம்மா, அவ என்னயவே யாருன்னு கேக்குறாம்மா” என்றான்.

போனேன். அதே கயிறு, அதே வாசல். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் வீட்டில் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்தாள். நான் ஏதாவது கொண்டுபோய் ஒட்டவைத்தால் என்ன ஆவது என்று வாசலிலேயே நின்றேன். உள்ளே ஜெயக்கொடி வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், கண் மஞ்சளடித்திருந்தது. சேலை நனைந்து கிடந்தது. “ஒத்தையில தூக்கி மாத்த முடியலம்மா” என்று முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஈரச்சேலையைப் பார்த்த பிறகு வாசலில் நிற்க எனக்கே வெட்கமாகிவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன்.

பாவாடை நாடா ஈரத்தில் இறுகிப்போய் அவிழவில்லை. பல்லைக் கடித்து முடிச்சைப் பிரித்து இறக்கினேன். இடது பக்க இடுப்பில், நாடா அழுந்தும் தடத்திலேயே, சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. பீடி நெருப்பால் சுட்ட மாதிரி இருந்தது.

இது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். ஸ்க்ரப் டைஃபஸ், தமிழில் உண்ணிக் காய்ச்சல். புதரிலும் செடிக்கடியிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, துணி இறுக்கமாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. ஆளுக்கு ஆள் ஒட்டாது. மருந்து பழைய மாத்திரைதான், எங்கள் சுகாதார நிலையத்தில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. காலாவதித் தேதி பார்த்து அடுக்கிவைப்பதே நான்தான். தாமதித்தால் மட்டும் ஆளைக் கொண்டுபோய்விடும். நான் தாமதித்திருந்தேன்.

டாக்டரம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“அதேதான் சிஸ்டர். உடனே டாக்ஸி ஸ்டார்ட் பண்ணணும். ஆம்புலன்ஸ்லயே குடுத்துவிடுறேன், ஏத்துங்க!”

முருகேசன் பதறி எழுந்தான். “டாக்ஸி எப்படிம்மா ஸ்டார்ட் ஆகி வரும்? ரோட்டுல முள்ளுல்ல கெடக்கு!”

டாக்ஸி என்பது டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரைக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர். அவன் வண்டி என்று நினைத்துவிட்டான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவன் தப்பாகப் புரிந்துகொண்டு சரியாகச் சொல்லிவிட்டான். அரைமணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றது.

நான் ஓடினேன். தலைவரய்யாவோடு பாதி ஊர் நின்றது.

“முள்ள எடுங்கய்யா. இது ஒட்டுற காச்சல் இல்ல. உண்ணிக் காச்சல்.”

“எப்படிம்மா நம்புறது? அந்தப் பொம்பள இந்த வழியாப் போனா காத்துலயே பரவிருமே.”

“பரவாது. நான் சொல்றேன்ல.”

“நீங்கதான மர்மக் காச்சல்னு எழுதி வச்சிருக்கீக?” என்று செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஊர் குரூப்பில் என் கையெழுத்து. மேலிடத்துக்கு அனுப்பிய பக்கம் எப்படியோ சுற்றி அங்கே வந்திருந்தது. “கவுர்மெண்டு எழுத்தும்மா இது. இன்னைக்கு வந்து மாத்திச் சொன்னா நாங்க எத நம்புறது?”

ஊரை நான் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். அன்று திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஈஸ்வரி முன்னால் வந்தாள். ஜெயக்கொடியோடு அதே ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போகிறவள்.

“அந்தப் புண்ணு எப்படி இருந்துச்சு நர்ஸம்மா?”

“கறுப்பா, பொருக்குத் தட்டி. நாடா கட்டுற எடத்துல.”

“வலி இல்லாமயா?”

“ஆமா.”

“அப்ப எனக்கும் இருக்கும்மா” என்றாள். “முந்தாநாளுல இருந்து காச்சல். சொன்னா என்னயும் கயறு கட்டிப் போட்ருவாகன்னு சொல்லல.”

கூட்டம் சட்டென்று அவளை விட்டு விலகியது. அவள் பக்கத்தில் ஜீப்புக்காரப் பெண்கள் நான்கு பேர் மட்டும் நின்றார்கள். ஈஸ்வரி ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து முள்ளில் கை வைத்தாள். மற்ற நான்கு பேரும் மறுபக்கம் பிடித்தார்கள். “ஏலே, தள்ளி நில்லுங்கலே, முள்ளு கிழிச்சுறாம” என்று ஒருத்தி அதட்டினாள். ஊரைக் காத்த முள் இரண்டு நிமிஷத்தில் வாய்க்காலுக்குள் கிடந்தது. தலைவரய்யா முகக்கவசத்தைத் தாடையிலிருந்து மூக்குக்கு ஏற்றிக்கொண்டார். வைரஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அதை அவர் சரியாகப் போட்டது அப்போதுதான்.

ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது. ஜெயக்கொடியைத் தட்டி எழுப்பி முதல் மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டாள். ஈஸ்வரி தானாகவே ஏறி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

4. ஃப்ளெக்ஸ்

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். ஜெயக்கொடிக்குக் காய்ச்சல் இறங்கி, இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஈஸ்வரி. இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அந்த இரண்டு நாள் எந்த இரண்டு நாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஊருக்குத் திரும்பினால், முள் கிடந்த அதே இடத்தில் ஃப்ளெக்ஸ். ‘மர்மக் காய்ச்சலை ஊருக்குள் விடாமல் விரட்டிய தலைவரய்யாவுக்கு நன்றி.’ ஓரத்தில் ஸ்டாம்பு அளவில் அசல் தலைவரின் படமும் இருந்தது. ஃப்ளெக்ஸ் மடிப்பில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. எட்டிப் பார்த்தேன். கொசுப்புழு.

ஜெயக்கொடி வீடு வந்து சேர்ந்ததும் அவளைப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நானும் கூச்சப்படத் தயாரானேன்.

“மொத நாளே ரெண்டு தரம் சொல்ல வந்தேனே நர்ஸம்மா, நாடாக்கிட்ட என்னமோ இருக்குன்னு. உங்களுக்குக் காதுல விழலையோ?” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. முகக்கவசம் காதை அழுத்தியிருக்கும் என்று எனக்காக அவளே ஒரு சமாதானமும் சொன்னாள்.

பிள்ளைகளே, நாளைக்கு உங்கள் காலத்தில் நிஜமாகவே ஒரு புது வைரஸ் வரலாம். முகக்கவசம் போடுங்கள், கையுறை மாட்டுங்கள், ஃபாரத்தில் டிக்கும் போடுங்கள். போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். ஒருத்தி பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை நில்லுங்கள். மர்மம் என்று எழுதுவதற்கு முன்னால் நாடாவை அவிழ்த்துப் பாருங்கள்.

நான் அன்று சாயங்காலமே ரிஜிஸ்டரை எடுத்து ‘மர்மக் காய்ச்சல்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“பார்க்கவில்லையா? இது என்னம்மா நோய்? புதுசா?”

“இல்ல சார்” என்றேன். “ரொம்பப் பழசு. இந்தத் தடவை எனக்கு வந்துச்சு.”