எதை அடித்தாலும் ஒரு சொல்

என் மகள் கம்ப்யூட்டர் படித்தவள். ஸ்கொட்லாந்துக்காரரின் பேச்சுச் சொற்களைத் தேடித் தரும் ஒரு செயலியில் வேலை செய்தாள். அந்தச் சொற்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்களாம். நாம் எப்படி எழுதினாலும், ஓசையில் கிட்ட வருகிற சொற்களை அது வரிசையாகத் தரும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

அது எனக்குத் தேவைப்பட்டது பக்கத்து வீட்டு மிஸிஸுக்காக. நாங்கள் குடியிருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடித்தால் சுவரில் தட்டி, "உங்கள் கடவுள் எழும்பிவிட்டாரா?" என்று சிரிப்பார்.

ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய இங்கிலிஷ் போய்விட்டது. சின்ன வயது ஸ்கொட்லாந்துப் பேச்சு மட்டும் மிஞ்சியது, அதுவும் கோணிய வாயால். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரித் தலையாட்டினார். வீட்டுக்கு அனுப்புவதா, முதியவர்களைப் பராமரிக்கும் கெயார் ஹோமுக்கா என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். மிஸிஸ் தன் விருப்பத்தைத் தெரிந்துதான் சொல்கிறார் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடு இல்லை.

மகள் செயலியை என் போனில் போட்டுத் தந்தாள். மிஸிஸ் ஜன்னலைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிவைத்து, அதைப் பார்த்து இங்கிலிஷ் எழுத்தில் அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

"அப்பா, மெதுவான சத்தத்துக்கும் அழுத்தமான சத்தத்துக்கும் ஒரே எழுத்தை அடிக்கிறீங்கள். ஸ்கொட்டிஷ் ஆக்கள் அப்பிடிப் பிழை விடமாட்டினம்," என்றாள் மகள்.

"எங்கட க, ப எழுத்தில ரெண்டு சத்தத்துக்கும் ஒண்டுதானே பிள்ளை."

"ஓம் ஓம், உங்களுக்கெண்டே தேடுறதை லூஸாக்கி விடுறன்."

லூஸாக்கியதும் சொல் வந்தது. இருட்டிக்கொண்டு, விடாமல் தூறுகிற நாளுக்குச் சொல்வதாம். வெளியே அப்படித்தான் இருந்தது. நான் வாசித்துக் காட்டியபோது மிஸிஸ் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். முருகா, வழி காட்டிவிட்டாய் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு வந்த சோசியல் வேர்க்கர் மரியாதையான பெண். தனியாக வீட்டில் இருக்க முடியுமா என்று குனிந்து கேட்டாள். மிஸிஸ் நீளமாகச் சொன்னார், நடுவில் அழுதார். பிடிபட்டதையெல்லாம் அடித்தேன்.

"பாருங்கள், வீடு என்கிறார்," என்று போனை நீட்டினேன்.

அவள் வரிசையைப் பார்த்தாள். "அடுத்த வரியில் வயிறு என்றும் இருக்கிறதே?"

"ஓசை கிட்டக்கிட்ட இருப்பதால் வருகிறது."

"நான் ஒன்று அடிக்கலாமா?"

கண்ணை மூடிக்கொண்டு விரல் போன போக்கில் தட்டினாள். அதற்கும் சொற்கள் வந்தன. சகதி, ஆட்டுக்குட்டி, இன்னும் ஏதேதோ. அவள் கேலி செய்யவில்லை. என்னைப் பார்க்கவே சங்கடப்பட்டாள். "இங்கே வேலை செய்யும் ஸ்கொட்டிஷ் நர்ஸையும் கேட்டோம். மிஸிஸின் வாய் குழறுவதால் அவருக்கும் விளங்கவில்லை. மன்னியுங்கள்," என்றாள்.

வெளியே வந்து மகளுக்குப் போன் எடுத்தேன்.

"கொஞ்சம் இறுக்கிவிடு பிள்ளை. கண்டதெல்லாம் வருகுது."

"இறுக்கினா நீங்கள் அடிக்கிறதுக்கு ஒண்டும் வராதப்பா."

"நடுவில விட ஏலாதே?"

"அவவின்ர வாய்க்கும் உங்கட காதுக்கும் சேர்த்து எந்த அளவில வைக்கிறது? எனக்குத் தெரியேல்லை." அவளுடைய குரல் உடைந்துவிட்டது.

எனக்காகத் தளர்த்தியதுதான் என் சாட்சியைக் கெடுத்தது. தளர்த்தாமல் விட்டிருந்தால் சாட்சியே இல்லை. "நீ அழாதை," என்றேன்.

கெயார் ஹோம் என்று முடிவாயிற்று. அழைத்துப்போகும் அன்று வண்டியில் ஏற்றும்போது மிஸிஸ் என்னிடம் ஏதோ கேட்டார். கேள்வி என்று மட்டும் குரலில் தெரிந்தது. அவசரமாக அடித்தேன். சில சொற்கள் வந்தன. எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வாசிக்கும்போது வண்டியின் கதவைச் சாத்தினார்கள். மிச்சத்தை முருகனுக்கு வாசித்தேன். அவர் என்ன கேட்டார் என்பது அவனுக்காவது தெரிந்திருக்கும்.